குழந்தையின் ஜீவனாம்சத்தை உயர்த்தக் கேட்டு ஏன் அலைய வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மணமுறிவுக்குப் பிறகு மகனுக்குக் கிடைத்துவரும் ஜீவனாம்சத் தொகையை உயர்த்தித் தருமாறு கேட்டு நீதிமன்றப் படியேறிக்கொண்டிருக்கும் தாய்மார்களில் நானும் ஒருத்தி. என் வழக்கைப் பற்றி ஊரறியச் சொல்லி அனுதாபம் தேடுவது என் நோக்கமில்லை. என் வழக்கு முடியும்போது முடியட்டும். ஆனால் குழந்தைக்கு ஒரு தொகையை நிர்ணயித்துவிட்டு, அந்தக் குழந்தை வளர வளரத் தொகையை உயர்த்தக் கேட்கும் பொறுப்பு முழுவதையும் அதை வளர்ப்பவர் தலையிலேயே ஏற்றி வைத்திருக்கும் நடைமுறையைப் பற்றித் தங்கள் நாளிதழ் வழியாகச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் மணமுறிவின்போது மகனுக்கு வயது நான்கு. குடும்பநல நீதிமன்றம் அப்போதைய அவன் தேவைகளையும் அவன் தந்தையின் அப்போதைய வருமானத்தையும் பார்த்து மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை நிர்ணயித்தது. அந்த நாளில் அது நியாயமான தொகைதான். நானும் மறுப்புச் சொல்லவில்லை. அவன் தந்தையும் அந்தத் தொகையைத் தவறாமல் செலுத்தி வருகிறார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வாக்கில் என் கைப்பேசிக்கு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும். பதினோரு ஆண்டுகளாக அந்தச் செய்தியில் தேதி மட்டும்தான் மாறுகிறது. அரைக்கால் சட்டையோடு பாலர் வகுப்புக்குப் போனவன் இன்று பத்தாம் வகுப்பில் என்னைவிட உயரமாக நிற்கிறான். அவனுக்கென்று வரும் தொகை இன்னும் நான்கு வயதிலேயே நிற்கிறது.

விலைவாசி ஏறிவிட்டது என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. விலைவாசி ஏறாமலே இருந்திருந்தாலும் நான்கு வயதுக் குழந்தையின் செலவும் பதினைந்து வயதுப் பிள்ளையின் செலவும் ஒன்றாக இருக்க முடியாது. நான்கு வயதில் ஒரு சிலேட்டும் இரண்டு சீருடையும் போதுமாக இருந்தன. இப்போது கல்விக் கட்டணம் தனி, தேர்வுக் கட்டணம் தனி, தனிப் பயிற்சி வகுப்பு தனி, பேருந்துக் கட்டணம் தனி. வீட்டுப்பாடம்கூடக் கைப்பேசியில் வருவதால் அதற்கு இணையக் கட்டணமும் சேர்ந்துகொண்டது. வளரும் வயதில் ஜூன் மாதம் வாங்கிய காலணி தீபாவளிக்குள் கடிக்கத் தொடங்கிவிடுகிறது. வலிக்கிறது என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்லமாட்டான். காலணியின் பின்பக்கத்தை மிதித்து மடக்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்வேன். ஆறாம் வகுப்பில் கண்ணாடி போட்டான். ஆண்டுதோறும் பவர் மாறுகிறது. ஒவ்வொரு முறையும் கண்ணாடி வில்லைகளை மாற்ற வேண்டியிருக்கிறது. நீதிமன்றம் தொகையை நிர்ணயித்த நாளில் இவற்றில் ஒன்றுகூட யார் மனத்திலும் இருந்திருக்க வழியில்லை.

சட்டத்தில் இதற்கு வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவின்படி நிர்ணயிக்கப்பட்ட தொகையை, சூழ்நிலை மாறியிருப்பதை மெய்ப்பித்தால் மாற்றியமைக்கலாம் என்று 127ஆவது பிரிவு சொன்னது. அந்தச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அவையே 144, 146 ஆகிய பிரிவுகளாக இருக்கின்றன. இவை எந்த மதத்தினருக்கும் பொருந்தும். இந்துக்களைப் பொறுத்தவரை 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 25ஆவது பிரிவு இன்னும் தெளிவாகப் பேசுகிறது: நீதிமன்றத் தீர்ப்பால் நிர்ணயித்த தொகையானாலும் இருவரும் பேசி ஒப்பந்தமாக எழுதிக்கொண்ட தொகையானாலும், சூழ்நிலை கணிசமாக மாறினால் அதை மாற்றலாம். இந்துத் திருமணச் சட்டத்தின் 26ஆவது பிரிவு, தீர்ப்புக்குப் பிறகும் பிள்ளைகளின் பராமரிப்பு, கல்வி குறித்த உத்தரவுகளை மாற்ற நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது இந்தப் பிரிவின் கீழ் கேட்கப்படும் பராமரிப்பு, கல்வி மனுக்களை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்புச் சேர்ந்த நாளிலிருந்து இயன்றவரை 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்றும் 2001இல் சேர்த்தார்கள்.

அதே 2001ஆம் ஆண்டில்தான் இன்னொரு தடையும் நீங்கியது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 125ஆவது பிரிவின் கீழ் மாதம் 500 ரூபாய்க்கு மேல் ஜீவனாம்சம் வழங்க முடியாதபடி ஓர் உச்சவரம்பை வைத்திருந்தது. சில மாநிலங்கள் தாமாகவே அதை உயர்த்திக்கொண்டாலும், மத்தியச் சட்டத்தில் அந்த 500 ரூபாய் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அசையாமல் இருந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, வாக்காளர்களாகிவிட்ட பிறகுதான் நாடாளுமன்றம் அந்த வரம்பை நீக்கியது. சட்டப் புத்தகத்திலிருந்து அந்தப் பழக்கம் போய்விட்டது. எழுதப்படும் உத்தரவுகளிலோ அது இன்னும் இருக்கிறது. இன்றைக்கு ஒரு தொகையை எழுதிவிட்டு, அது என்றைக்கும் போதும் என்பதுபோல் வழக்குக் கட்டை மூடிவிடுகிறோம்.

உயர்த்தக் கேட்பது என்றால் என்ன என்பதை அனுபவிக்காதவர்களுக்குச் சொல்கிறேன். முதலில், சூழ்நிலை மாறியிருக்கிறது என்பதை மெய்ப்பிக்க வேண்டியவள் நான். நான்கு வயதுக் குழந்தை பதினைந்து வயதுப் பிள்ளையாகிவிட்டான் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழ் போதும் என்று நான் நினைத்தேன், போதாதாம். பள்ளிக் கட்டண ரசீது, மருந்துச் சீட்டு, பயிற்சி வகுப்பில் கையால் எழுதித் தரும் துண்டுச் சீட்டு என்று ஒவ்வொன்றையும் சேர்த்துவைத்து, நகலெடுத்து, ஆவணமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அடுத்து, தந்தையின் வருமானம் உயர்ந்திருக்கிறது என்பதையும் நானே காட்ட வேண்டும். அவருடைய சம்பளச் சீட்டும் வருமான வரிக் கணக்கும் அவர் கையில் இருக்கின்றன. அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது என்று உறவினர் வாயிலாகக் காதில் விழுந்ததை நீதிமன்றத்தில் சாட்சியமாகச் சொல்ல முடியாது. ஆக, எந்தத் தாள் யாரிடம் இருக்கிறதோ அவரை விட்டுவிட்டு, அது இல்லாதவரைத் தேடிக்கொண்டுவரச் சொல்கிற நிலைமை.

பிறகு வாய்தா. எதிர்மனு தாக்கல் செய்ய ஒரு வாய்தா, செய்யாததால் இன்னொரு வாய்தா, வழக்கறிஞர் வராத வாய்தா, நீதிபதி விடுப்பில் இருந்த வாய்தா. நான் வேலைக்குப் போய்ச் சம்பாதிப்பவள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். ஓராண்டில் இழந்த சம்பளத்தையும் போக்குவரத்துச் செலவையும் கூட்டிப் பார்த்தால், கேட்ட உயர்வில் பல மாதத் தொகை கரைந்திருக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, வருவது வரட்டும் என்று மனுவே போடாமல் இருந்துவிடும் தாய்மார்கள் எத்தனை பேர் என்பதை நீதிமன்ற வராந்தாவில் ஒரு காலை நேரம் உட்கார்ந்து பேசினாலே தெரிந்துகொள்ளலாம்.

குறுக்கு விசாரணையில் என் மகனின் கண்ணாடி பற்றிக் கேட்டார்கள். இதைவிடக் குறைந்த விலையில் சட்டகம் கடையில் இருந்ததா இல்லையா என்பது கேள்வி. இருந்தது என்று உண்மையைச் சொன்னேன். அப்படியானால் விலை கூடியதை ஏன் வாங்கினீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. பிள்ளை பந்து விளையாடுகிறவன், முன்பு வாங்கிய மலிவுச் சட்டகம் இரண்டு முறை உடைந்துவிட்டது என்று பதில் சொன்னேன். அன்று இரவு செலவுப் பட்டியலை நான் மீண்டும் எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்த மகன், "அம்மா, கண்ணாடியை எடுத்துடுங்க. போன வருசக் கண்ணாடியையே போட்டுக்கறேன்," என்றான். நான் அவனிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மேசைமேல் கிடந்த தாள்களை அவனே படித்திருக்கிறான். தன் சாப்பாடும் படிப்பும் கண்ணும் வரிசை எண் போட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் தொகை எழுதி, அதில் எது தேவை எது ஆடம்பரம் என்று இரண்டு தரப்பும் வாதாடுவதைப் பிள்ளை பார்க்கும்படி ஆகிவிட்டது. அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு அன்று துணிவில்லை.

இத்தனையும் மாற வழி இருக்கிறது என்பதால்தான் எழுதுகிறேன். 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பினரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் வெளிப்படுத்தும் பிரமாணப் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கியது. எதிர்த்தரப்பு நான்கு வாரங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், அதற்கு இரண்டு முறைக்கு மேல் அவகாசம் தரலாகாது என்றும், வேண்டுமென்றே இழுத்தடித்தால் அவரது எதிர்வாதத்தையே நீக்கிவிடலாம் என்றும் அது சொன்னது. ஜீவனாம்சத்தை மனுத் தாக்கல் செய்த தேதியிலிருந்தே வழங்க வேண்டும் என்று சொன்னதும், பிள்ளைகளின் கல்விச் செலவை இயல்பாகத் தந்தை ஏற்க வேண்டும், தாயும் போதிய அளவு சம்பாதித்தால் இருவரும் விகிதப்படி பகிர்ந்துகொள்ளலாம் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். இந்தத் தீர்ப்பை நம் நீதிமன்றங்கள் எழுத்துக்கு எழுத்து நடைமுறைப்படுத்தினாலே நான் மேலே சொன்ன துன்பத்தில் பாதி குறைந்துவிடும்.

மீதிப் பாதிக்கு ஒரே வழிதான் எனக்குத் தோன்றுகிறது. குழந்தைக்கான ஜீவனாம்ச உத்தரவு எழுதப்படும் நாளிலேயே, அது ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு தானாக உயரும் என்றும், பிள்ளை நடுநிலைப் பள்ளிக்கும் மேல்நிலைப் பள்ளிக்கும் போகும் ஆண்டுகளில் தொகை மறுபடி பார்க்கப்படும் என்றும் சேர்த்தே எழுதிவிட வேண்டும். இது புதுமையான கோரிக்கை ஒன்றுமில்லை. மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படுகிறது. அதற்காக எந்த ஊழியரும் தம் வீட்டுச் செலவு ரசீதுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. வாடகை ஒப்பந்தத்தில்கூட உயர்வை முன்கூட்டியே எழுதிக்கொள்கிறோம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு மணமுறிவு வழக்கில் மனைவிக்கான நிரந்தர ஜீவனாம்சத்தை மாதம் 50,000 ரூபாயாக உயர்த்தியபோது, அது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயர வேண்டும் என்று உத்தரவிலேயே எழுதியது. மனைவிக்கு எழுத முடிந்ததை, ஆண்டுக்கு ஆண்டு தேவை கூடிக்கொண்டே போகும் குழந்தைக்கு எழுதுவதில் என்ன தடை இருக்கிறது?

வெளிநாடுகளில் இதைப் பல காலமாகச் செய்து வருகிறார்கள். ஜெர்மனியில் நீதிமன்றங்கள் பின்பற்றும் டுசல்டோர்ஃப் அட்டவணை, குழந்தையின் வயதை 5 வரை, 6 முதல் 11 வரை, 12 முதல் 17 வரை, 18க்கு மேல் என்று பிரித்து, வயது கூடக்கூடத் தொகையையும் கூட்டி வைத்திருக்கிறது. பிரிட்டனில் இதற்கென உள்ள அரசுத் துறை, செலுத்த வேண்டியவரின் வருமான விவரத்தை வரித்துறையிடமிருந்தே பெற்று, ஆண்டுக்கொரு முறை தொகையை மறு ஆய்வு செய்கிறது. தந்தையின் சம்பளத்தைத் தாய் உளவு பார்க்க வேண்டிய தேவை அங்கே இல்லை. நம் வருமான வரித்துறையிடமும் அந்த விவரங்கள் இருக்கத்தான் செய்கின்றன. குழந்தைகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இந்தியா 1992இல் இணைந்தது. பெற்றோரிடமிருந்து குழந்தைக்கான பராமரிப்புத் தொகையைப் பெற்றுத் தர அரசு தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதன் 27ஆவது பிரிவு சொல்கிறது.

தந்தையர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. வேலை போனவர், நோய்வாய்ப்பட்டவர், தொழிலில் நட்டப்பட்டவர் ஆகியோர் தொகையைக் குறைக்கக் கேட்கவும் அதே சட்டப்பிரிவில் இடமிருக்கிறது, இருக்கவும் வேண்டும். தானாக உயரும் உத்தரவு வந்தால், அதைத் தாங்க முடியாத தந்தை நீதிமன்றத்துக்கு வந்து காரணம் சொல்லட்டும். யார் வருமானம் மாறியதோ அவர் வந்து சொல்வதுதான் முறை. மறுமணம் செய்துகொண்டு இன்னொரு குடும்பத்தையும் தாங்குகிறவர்களின் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டாவது வீட்டில் பிறந்த குழந்தைக்கு ஆண்டுதோறும் புதுக் காலணி வாங்கும்போது, முதல் குழந்தையின் காலும் அதே அளவில் நின்றுவிடுவதில்லை என்பது அவர்களுக்குப் புரிந்தால் போதும். உயர்த்திக் கொடுத்தால் தாய் தனக்குச் செலவழித்துக்கொள்வாள் என்ற வாதத்தையும் நீதிமன்றத்தில் கேட்டேன். அப்படி ஐயம் இருந்தால் பள்ளிக் கட்டணத்தைத் தந்தையே நேரடியாகப் பள்ளியில் கட்டும்படி உத்தரவிடலாம். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். கட்டணம் கட்டப் போகும் சாக்கிலாவது ஒரு நாள் அவர் பள்ளிக்கு வந்தால் என் மகன் மகிழ்வான்.

பதினெட்டு வயது என்ற எல்லையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மேற்சொன்ன குற்றவியல் சட்டப் பிரிவின்படி, உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைக் காத்துக்கொள்ள இயலாத பிள்ளையைத் தவிர, மகனுக்கான ஜீவனாம்சம் அவன் பதினெட்டு வயதை எட்டியதும் நின்றுவிடுகிறது. தன்னைக் காத்துக்கொள்ள இயலாத மணமாகாத மகளுக்கு இந்து ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆவது பிரிவு அதற்குப் பிறகும் கை கொடுக்கிறது. மகனுக்கு அதுவும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பை முடித்துக் கல்லூரியில் சேரும் அதே ஆண்டில், வாழ்நாளிலேயே படிப்புக்கு மிக அதிகமாகப் பணம் தேவைப்படும் அந்த மாதத்தில், குறுஞ்செய்தி வருவது நின்றுபோகும். முதல் பட்டப்படிப்பு முடியும் வரையாவது இந்தக் கடமை நீடிக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

சட்டம் திருந்தும் வரை காத்திருக்க முடியாத தாய்மார்களுக்கு என் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். நான் செய்த பெரிய தவறு காலம் கடத்தியது. உயர்வு கிடைத்தாலும் பெரும்பாலும் மனுப் போட்ட நாளிலிருந்துதான் கிடைக்கும். அதற்கு முன் நாம் கடன் வாங்கிச் சமாளித்த ஆண்டுகள் போனவை போனவைதான். செலவுகளை எழுத ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, ரசீதுகளைத் தேதி வாரியாக அதிலேயே ஒட்டி வாருங்கள். பல ஆண்டுக் கணக்கை நினைவிலிருந்து எடுத்து எழுத நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம். தொகை நிலுவையில் இருந்தால், அது செலுத்தப்பட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூலிக்க மனுச் செய்ய வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். பரஸ்பர சம்மதத்தில் பிரியும்போது, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று அஞ்சிப் பேசாமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தாய் எழுதிக் கொடுத்ததால் குழந்தையின் உரிமை போய்விடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை அளித்திருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். இந்த விவரம் எனக்கு மூன்றாவது வாய்தாவில், பக்கத்து இருக்கையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் சொல்லித்தான் தெரிந்தது.

என் மனுவின் அடுத்த வாய்தா, மகனின் பொதுத்தேர்வு நடக்கும் வாரத்தில் விழுந்திருக்கிறது. அன்று அவனுக்குக் கணக்குத் தேர்வு. அவனைத் தேர்வு மையத்தில் விட்டுவிட்டு நான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கண்ணாடிச் செலவைப் பட்டியலிலிருந்து நான் எடுக்கவில்லை.

மகனின் நலன் கருதி என் பெயரையும் முகவரியையும் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு தாய்